டவர் துரைக்கு ஒரு விலாசம்

எங்கள் பக்கத்துக்குப் புதுத் துரை வந்திருக்கிறார். வெள்ளைக்காரத் துரை போய் அரசாங்கத் துரை வந்து, அவர் போய் கம்பெனித் துரை வந்து, எல்லாரையும் பார்த்தாயிற்று. இவர் இரும்புத் துரை. ஆள் நூறடிக்கு மேல் வளர்த்தி. உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, உச்சந்தலையில் விடிய விடிய எரியும் சிவப்பு விளக்கு. சுற்றிவரக் கம்பிவேலி, வேலிக்கு ஒரு கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு மேலே மூன்று மொழியிலும் 'உட்பிரவேசிக்கத் தடை' என்று ஒரு பலகை. எங்கள் ஊரில் பிழையில்லாத தமிழில் எழுதிய பொது அறிவித்தல் அது ஒன்றுதான். உள்ளே வராதே என்று சொல்லும்போது மட்டும் அரசகரும மொழிக் கொள்கை நூறு வீதம் அமுலாகிறது.

எந்தச் சபை, எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். மாத்தளை மாவட்டத்தில் ஒரு சபை, அவ்வளவுதான். பெயரைச் சொன்னால் சந்தியில் எரிகிற ஒரே தெருவிளக்கும் அணைந்துவிடும்.

துரை வந்த விதம் விசேஷமானது. ஒரு காலையில் மூன்று கால் கருவியோடு இரண்டு பேர் வந்து காணியை அளந்தார்கள். என்ன தம்பி என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். பிறகு குழி தோண்டினார்கள். தண்ணீர்த் தாங்கி கட்டப் போகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. குடத்தோடு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடக்கிற பெண்கள் அதை நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? கொங்கிறீற் காய்ந்து, இரும்பு ஏறி, கிண்ணம் கிண்ணமாக அன்ரனா மாட்டிய பிறகுதான் இதிலிருந்து தண்ணீர் வராது என்பது உறுதியானது. எதிர்ப்புத் தெரிவிக்கலாமா என்று சபைக்குப் போனால், "அனுமதி கொடுத்தாயிற்றே, முன்னமே வந்திருக்கலாமே" என்கிறார்கள். முன்னமே வருவதற்கு நாங்கள் சோதிடம் படித்திருக்க வேண்டும்.

சட்டத்தில் குறையே சொல்ல முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் ஓர் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சு பார்க்க வேண்டும், சிவில் விமான சேவைகள் அதிகார சபை பார்க்க வேண்டும், சுற்றாடல்காரர்கள் பார்க்க வேண்டும். மேலே பறக்கிற விமானத்துக்கு இடைஞ்சல் உண்டா என்று விசாரிக்கக் கொழும்பில் ஓர் அலுவலகமே திறந்திருக்கிறது. மாத்தளைக்கு மேலே விமானம் போகிற அழகு எங்களுக்குத் தெரியும். கீழே ஒவ்வொரு இரவும் படுத்துறங்குகிற கிழவியிடம், மின்சாரம் போகும் நேரமெல்லாம் உறுமப்போகிற ஜெனரேட்டரை உன் தலைமாட்டில் வைக்கலாமா ஆத்தா என்று கேட்க ஒருவரும் இல்லை.

இப்போது மனிதப் பிறவியின் விண்ணப்பத்தைப் பாருங்கள். மகனுக்குக் கல்யாணம். இருக்கிற லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு. பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்க வேண்டும். உறுதி எங்கே என்கிறார்கள். காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது, வேர்வை மட்டும் எங்களுடையது. வேர்வைக்கு உறுதி எழுதுகிற நொத்தாரிசு இன்னும் பிறக்கவில்லை. சரி, தோட்டத்தை விட்டு வெளியே நாலு பேர்ச் வாங்கினவன் கதை? அவன் பிளான் கீறிக்கொண்டு போனால், இது மண்சரிவு மாவட்டம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கொண்டுவா என்கிறார்கள். நியாயம்தான், மலை வழுக்கும். அறிக்கைக்கு அலைகிறான். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இன்று களத்துக்குப் போயிருக்கிறார், நாளை கூட்டத்துக்குப் போயிருக்கிறார், அடுத்த நாள் போயா. மகனுக்குப் பிள்ளை பிறந்து அது பள்ளிக்கூடம் போகும்வரை கோப்பு மேசையில் படுத்திருக்கும். இரும்புத் துரையின் கோப்புக்கு மட்டும் கால் முளைத்துவிடுகிறது.

எங்களுக்கு எரிவது இங்கேதான். நுவரெலியாக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, மலையகத்தின் வாசல் மாத்தளை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி நடந்து வந்தவர்களில், வழியில் காய்ச்சலுக்கும் தாகத்துக்கும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் மூச்சு விட்ட இடம் இது. அந்த நடையின் 200ஆம் ஆண்டை நினைத்து 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து மறுபடியும் நடந்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடித்தார்கள். பேச்சு, படம், உறுதிமொழி எல்லாம் நடந்தன. கால் கொப்புளம் ஆறுவதற்குள், அதே ஆகஸ்டில், அதே மாவட்டத்தில், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பெனியின் ரத்வத்த தோட்டத்தில், ஒரு தொழிலாளர் குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிசையைத் தோட்ட அதிகாரி இடித்துத் தள்ளினார். நாடே கைபேசியில் அந்த வீடியோவைப் பார்த்தது. அமைச்சர் நேரில் வந்து சத்தம் போட்டார். எல்கடுவ அரசாங்கக் கம்பெனி என்பதையும் சேர்த்து வாசியுங்கள். தகரக் குடிசை அனுமதியற்ற கட்டுமானம். அது இடிபட்ட காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோன டவர்கள் எல்லாம் அனுமதி பெற்ற கட்டுமானம்.

இன்னொரு சங்கதி. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டங்களுக்குள் சபை தன் பணத்தில் ஒரு பாதை போட, ஒரு கிணறு கட்ட அது குறுக்கே நின்றது. தோட்டத்துக்காரன் சபைக்கு வாக்குப் போடலாம், சபை அவனுக்குக் கல் போடக் கூடாது. அதைத் திருத்தியது 2018 இல். சட்டம் பிறந்து 31 வருஷம். இத்தனை காலமும் "எங்களுக்கு அதிகாரமில்லை ஐயா" என்று கையை விரித்த அதே மேசையில்தான் டவருக்கு முத்திரை விழுகிறது. எங்கள் கடிதங்கள் இன்னும் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. கதவிலக்கம் இல்லை, தெருப்பெயர் இல்லை. டவர் துரைக்கு இலக்கம் இருக்கிறது, மின்மானி இருக்கிறது, இடிதாங்கி இருக்கிறது. கம்பெனியின் படத்தில் அவர் நிற்கிற இடம் பாகை கணக்கில் குறித்திருக்கிறது.

கதிர்வீச்சுக்கு வருவோம், வராமல் விட மாட்டீர்கள். எங்கள் ஊரில் மிளகுக் கொடி வாடினாலும் டவர், தென்னையில் குரும்பை கொட்டினாலும் டவர், மாமியாருக்குத் தலைவலி என்றாலும் டவர். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ரேடியோ அலைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 இல் '2பி', அதாவது 'ஏற்படுத்தக்கூடும்' என்ற வகுப்பில் போட்டது. ஆசிய முறைப்படி ஊறவைத்த காய்கறிகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதே நிறுவனம் செய்வித்து 2024 இல் வந்த ஆய்வுத் தொகுப்பு, கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காணவில்லை. காதோடு ஒட்டிப் பிடிக்கிற போன் உடம்புக்குள் அனுப்புவது, தூரத்து டவர் அனுப்புவதைவிடப் பொதுவாக அதிகம். இதையெல்லாம் நான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அனுமதி கொடுத்த சபை ஒரு ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் நாலு வாங்கு போட்டு, தமிழ் தெரிந்த ஓர் அதிகாரியை நிறுத்தி, சர்வதேச வரம்பு இவ்வளவு, இந்த டவரில் அளந்தது இவ்வளவு என்று சொல்லியிருந்தால் குரும்பை பாட்டுக்குக் கொட்டியிருக்கும். அது நடக்கவில்லை. வாய் திறக்காத சபைக்காரர்களே பிறகு, "படிப்பறிவில்லாத சனம், வதந்தியை நம்புகிறது" என்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் படித்த சனம்தானே? 2019 இல் அங்கே மாநகர சபை எல்லைக்குள் 'ஸ்மார்ட் லாம்ப் போல்' என்று கம்பங்கள் முளைத்தன. பெயரில் விளக்கு, வேலை அன்ரனாவுக்கு. விளக்கு ஏற்ற இத்தனை பெரிய கம்பமா என்று சனம் கேட்டது. 5ஜி என்று பயம் பரவி, ஜூலையில் போராட்டம் நடந்தது. 5ஜி இல்லை, 5ஜி இல்லை என்று விளக்கம் வந்தது, கம்பம் நட்ட பிறகு.

உலகத்தில் வேறு மாதிரியும் செய்கிறார்கள், முழுதும் சனத்துக்குச் சாதகமாக என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தின் ரோஸ்வெல் நகரில், குடியிருப்புப் பகுதியில் பைன் மரம் போல வேஷம் போட்ட ஒரு டவருக்கு டி-மொபைல் விண்ணப்பித்தது. உயரம் 108 அடி. எங்கள் முத்துமாரியம்மன் கோயில் இராஜகோபுரத்தின் அளவு. அக்கம்பக்கத்தார் சபைக் கூட்டத்துக்கு வந்து பேசினார்கள், நகர சபை மறுத்துவிட்டது. ஏன் மறுத்தாய் என்று உடனுக்குடன் எழுதித் தரவில்லை என்பதற்காகக் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போய் 2015 ஜனவரியில் வென்றது. அங்கே கதிர்வீச்சைக் காரணம் காட்டி உள்ளூர்ச் சபை மறுக்கவும் முடியாது, 1996 சட்டம் விடாது. கம்பெனிகளின் சொர்க்கம்தான். ஆனாலும் பாருங்கள்: அயலவர் பேசுவதற்கு ஒரு கூட்டம் இருந்தது, காரணத்தை எழுத்தில் தா என்று சபையைக் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது. இந்தியாவில் குவாலியரில் வீட்டு வேலை செய்து பிழைக்கிற ஒரு நோயாளி, பக்கத்து வீட்டுக் கூரையில் நின்ற டவருக்கு எதிராக வழக்காடி, 2017 இல் உச்ச நீதிமன்றத்தைக் கொண்டு அதை நிறுத்தவைத்தார். அவர் சொன்ன மருத்துவக் காரணத்தை நான் ஏற்கவில்லை. வேலைக்காரர் ஒருவரின் மனு அவ்வளவு தூரம் போனதில் எனக்குப் பொறாமை.

இங்கே யாரிடம் போவது? 1848 இல் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று டோரிங்டன் துரை போட்டபோது, இதே மாத்தளையில் கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தார்கள் சிங்களக் கிராமத்தவர்கள். கலகத் தலைவன் புரன் அப்புவை வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் காலத்துக் கலகக்காரனுக்கு ஒரு வசதி இருந்தது, எதிரி யாரென்று அவனுக்குத் தெரியும். எங்கள் காலத்தில் 2023 மார்ச்சில் சபைகளின் ஆயுள் முடிந்தது. தேர்தலுக்குப் பணமில்லை என்றார்கள். 2025 மே 6 வரை வாக்குப்பெட்டி வரவில்லை. ஜூன் 2 வரை தவிசாளரின் கதிரையில் தூசிதான் உட்கார்ந்திருந்தது; கையெழுத்து மட்டும் செயலாளரின் பேனாவில் தடையின்றி ஓடியது. அந்தக் காலத்து அனுமதியைப் பற்றிப் புதிய உறுப்பினரிடம் கேட்டால், அது எங்கள் காலத்தில் நடந்ததில்லை என்கிறார். செயலாளர் மாற்றலாகிப் போய்விட்டார். கம்பெனியின் அவசர இலக்கத்தை அழைத்தால் சிங்களத்துக்கு ஒன்றை அழுத்து, தமிழுக்கு இரண்டை அழுத்து என்று ஓர் இனிய குரல். இரண்டை அழுத்தினால் பாட்டு.

டவர் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். 2021 இல் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, பிபிலைப் பக்கத்தில் போஹிட்டியாவ கிராமத்து ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னல் தேடிக் காட்டு வழியே பாறையுச்சிக்கு ஏறிய படம் உலகமெல்லாம் போனது. அந்தப் பாறைக்கு ஏன் டவர் போகவில்லை? அங்கே ரீலோட் போட ஆள் போதாது. டவர் துரை சனம் நெருங்கி வாழும் இடம் பார்த்துத்தான் குடியேறுவார், சந்தைக்கு வருகிற வியாபாரி போல. 2025 நவம்பர் முடிவில் டித்வா புயல் அடித்து மாத்தளை மலைகள் சரிந்தபோது மின்சாரம் போனது, மலைநாட்டின் பல இடங்களில் தொடர்பும் போனது. ஆபத்துக்கு உதவும் என்ற வாசகத்தோடு வந்தவர், ஆபத்து வந்த இரவில் எங்களைப் போலவே இருட்டில் நின்றார். அவருக்கு இடிதாங்கியாவது இருந்தது.

ஆகவே தவிசாளர் அவர்களே, கீழே கையெழுத்திடும் நாங்கள் பணிவோடு ஒரு விண்ணப்பம் செய்கிறோம். எங்களை மனிதர்களாகப் பதிந்து சலித்துவிட்டீர்கள். 1948 இல் பிரஜாவுரிமையைப் பறித்தீர்கள், பிறகு கப்பலேற்றினீர்கள், பிறகு மிச்சத்துக்குப் பிரஜாவுரிமை தந்தீர்கள், பிறகு 7 பேர்ச் என்றீர்கள். இனி எங்களை டவர்களாகப் பதிந்துகொள்ளுங்கள். உயரம் சராசரி ஐந்தடி நாலங்குலம், ஆகவே விமானங்களுக்கு இடைஞ்சலில்லை. கதிர்வீச்சு இல்லை, கொழுந்துக் கூடை சுமந்து ஏறும்போது கொஞ்சம் வெப்பம் வெளியாகும், சர்வதேச வரம்புக்குள்தான். சத்தம் அறவே இல்லை, இருநூறு வருஷமாகச் சோதித்துப் பார்த்துவிட்டீர்கள். அத்திவாரம் ஆழமானது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் காணி, ஒரு குத்தகைப் பத்திரம், ஒரு மின்மானி, ஒரு கதவிலக்கம், மண்சரிவு அறிக்கையோடு ஓர் அனுமதிப்பத்திரம், எங்களை இடிக்க வருகிறவனுக்குக் காட்ட அந்த 'உட்பிரவேசிக்கத் தடை' பலகையில் ஒன்று. டவருக்குக் கொடுத்த அதே வேகத்தில் போதும்.

விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு, எந்தக் கருமபீடத்தில் கட்டுவது என்று தமிழில் எழுதி அனுப்புங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கிறோம், பதில் தருவதா இல்லையா என்று முடிவெடுக்க உங்களுக்குப் பதினான்கு வேலை நாட்கள் இருக்கின்றன. கடிதத்தை டவரின் விலாசத்துக்கே போடுங்கள். வேலிக்கு வெளியேதான் இருக்கிறோம்.