ராணி வாராத ஊரின் ராஜ்யம்

கேள்வி: சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடுகளின் முன்னால் சரித்திரப் பலகை நட்டிருக்கிறார்களே; கோட்டையும் அரண்மனையும் இல்லாத இடத்தில் சரித்திரம் ஏது?

பதில்: எலிசபெத் மகாராணியாரின் பட்டாபிஷேகத்தை முன்னிட்டு 1953இல் நாமகரணம் பெற்ற இவ்வூரில் ராணி குடியேறவில்லை, குடிகளே குடியேறினார்கள். புதிதாய்த் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தன் முதல் வீடுகளை ஸ்டெர்லிங் ரோட்டில், 45, 48, 49 என்னும் எண்களுள்ள கட்டடங்களில் முடித்துக் கொடுத்தபோது, கூலி வேலை செய்த குடும்பத்துக்கும் சொந்தக் குழாய், சொந்தக் கதவு, சொந்தச் சாவி என்னும் மூன்று சௌபாக்கியங்கள் சித்தித்தன. கோட்டைச் சாவியைவிட அந்தச் சாவி எனக்கு உயர்ந்ததாகவே தோன்றுகிறது. நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகமும் 1970இல் இங்கேதான் திறக்கப்பட்டது.

நம்மவர் பங்கைக் கேட்டால், ரயில்வேத் தொழிலாளர்கள் தண்டவாளத்தருகே சிறு குடிசையாக 1932இல் எழுப்பிய முனீஸ்வரன் சந்நிதி, பின்னர் காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயிலாக வளர்ந்து நிற்கிறது. 2011இல் அவ்வழியே ரயில் ஓடுவது நின்றது. தண்டவாளம் போட்டவர்களின் தெய்வமோ ஊரை விட்டுப் போகவில்லை. பலகைகளைப் படிக்கப் போகும்போது, முதலில் அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைத் தொடங்குங்கள்.