ஐந்தரை மணி நேரக் கோளாறு

கேள்வி: உபுண்டுவிலிருந்து விண்டோசுக்கு மாறும்போதெல்லாம் கணினியின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்குவது ஏன்?

பதில்: கடிகாரத்தின் மீது குற்றமில்லை, அதற்கு வாய்த்த எசமானர்கள் இருவர் என்பதே குற்றம். கணினி அணைந்திருக்கும்போதும் தாய்ப்பலகையில் சிறு மின்கலத்தின் தயவால் ஓடிக்கொண்டிருக்கும் வன்பொருள் கடிகாரத்தில், உபுண்டுவின் அடித்தளமான லினக்ஸ் வழக்கமாக உலகப் பொது நேரத்தை எழுதி வைக்க, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமெனக் கொண்டுவிடுவதால், இந்திய நேரத்துக்குரிய 5.30 மணி கூட்டப்படாமலே போகிறது. வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு லினக்ஸைப் பணிய வைக்க ஒரே கட்டளை போதும். எனினும் விண்டோசின் அமைப்பு விவரங்கள் பலவும் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவைச் சேர்த்து, விண்டோசை உலகப் பொது நேரத்துக்குப் பழக்குவதே மேல். கடிகாரம் மணிக்கணக்கில் அல்லாமல் ஆண்டுக்கணக்கில் பின்னோக்கிப் போனால், எசமானர்கள் இருவரும் நிரபராதிகள். பெரும்பாலும் சிஆர்2032 என்னும் அந்தக் காசு வடிவ மின்கலம் தீர்ந்திருக்கும்.