வராத பொட்டிக்கு வாசக்காவல்

குந்துடா பேராண்டி. கூரியர்காரன் ஆகாசத்துலயா வரப்போறான்? டவுன்லருந்து வந்தாலும் சரி, காஞ்சி ரோட்டுலருந்து வந்தாலும் சரி, இந்த டீக்கடையத் தாண்டித்தான் நம்ம தெருவுக்குத் திரும்பணும். நீ இப்டி முனைக்கும் வூட்டுக்குமா அலைஞ்சின்னா, கிரிவலம் வந்த ஜனம் உன்னைப் பெரிய பக்தன்னு நெனச்சிக் கால்ல வுழுந்துடப் போவுது.

காலையில உங்க ஆயா கேக்கறா, "பையன் ஏங்க மொகம் வாடிக் கெடக்கறான், எங்கனா பொண்ணு கிண்ணு பாத்து வச்சிக்கிறானா?"ன்னு. பொண்ணா இருந்தா நானே போயி பேசி முடிச்சிட மாட்டனாடி, இது கண்ணுல மாட்டிக்கற பொட்டின்னேன். பணம் கட்டி ஆச்சி, பொட்டிய இன்னும் கம்பெனியில செய்யவே இல்லையாம்னேன். "அப்ப பணம் எதுக்குக் கட்டினான்?" வரிசையில நிக்கறதுக்கு. அவ கொஞ்ச நேரம் மொறத்தைப் பொடைக்காம அப்டியே வச்சிருந்தா. அப்பால சொன்னா, "நம்ம கோயில்ல சிறப்பு தரிசனத்துக்கு டிக்கெட் வாங்கினா அன்னிக்கே சாமியப் பாத்துடலாமே." நான் வாயத் தொறக்கல. உன் மானம் என் மானம் இல்லையா.

நேத்து ராத்திரி நீ திண்ணையில படுத்துக்கினு போன்ல அந்தப் பொட்டிங்களோட பூர்வீகத்தை சத்தமாப் படிச்சிக்கினு கெடந்த. தாத்தா தூங்கறான்னு நெனச்சியா? கெழவனுக்கு மூடறது கண்ணு மட்டுந்தான். நீ படிச்சதையே நான் திருப்பிச் சொல்றேன், தப்பிருந்தா சொல்லு.

பால்மர் லக்கின்னு ஒரு பையன். கலிபோர்னியாவுல அப்பன் ஆத்தா வூட்டு கார் ஷெட்டுல குந்தி ஒட்டுப்போட்டே ஒரு பொட்டி செஞ்சான். 2012 ஆகஸ்ட்டுல, அவனுக்கு வயசு பத்தொம்போது, கிக்ஸ்டார்ட்டர்ங்கற எடத்துல நாலு பேரு முன்னாடி துண்டை விரிச்சான். ரெண்டரை லட்சம் டாலர் வேணும்னான். 9,522 பேரு சேந்து 24 லட்சம் டாலருக்கு மேல கொட்டிட்டாங்க. 300 டாலர் போட்டவனுக்கு ஒரு பொட்டி. அதுவும் வூட்டுல வச்சி வெளையாடறதுக்கில்ல, புரோக்ராம் எழுதறவங்க பழகிப் பாக்கறதுக்கு. டிசம்பர்ல தரேன்னான், அடுத்த மார்ச்சுலதான் கெளம்புச்சி. சரி, போவட்டும். சின்னப் பையன், தாமசம் ஆவறது சகஜம்.

2014 மார்ச்சுல பேஸ்புக்காரங்க அந்தக் கம்பெனிய 200 கோடி டாலருக்கு வாங்கிக்கறோம்னாங்க. அதுல காசு போட்ட 9,522 பேருக்கு எம்மாம் பங்கு? ஒரு தம்பிடி இல்ல. நம்மூரு தீபாவளிச் சீட்டை நெனச்சிப் பாரு. மாசாமாசம் கட்டறவன் நாம, ஐப்பசியில பட்டாசும் பித்தளை அண்டாவும் தரேம்பான். அண்டா வராட்டி ஏஜெண்டு வூட்டை மறிச்சிக் குந்திடுவோம். ஆனா அண்டா வந்துடுச்சின்னா, நம்ம காசுல அவன் மாடி வூடு கட்டினதைக் கேக்கத் தோணுமா? அவங்களுக்குத் தோணுச்சி, கத்தினாங்க. ஆனாலும் நாயத்தை நாயமாச் சொல்லணும். 2016ல ரிஃப்ட்டுங்கற பேருல வூட்டுக்கான பொட்டி வந்தப்ப, மொதமொதல்ல நம்பிப் பொட்டி எடுத்தவங்களுக்குப் புதுசு ஒண்ணை ஓசியாவே குடுத்தாங்க.

அந்த 2016தான் உன்னை மாதிரி ஆளுங்களுக்குத் திருவிழா. ஜனவரி 6, நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒம்போதரை. புக்கிங் தொறக்குது. உலகம் பூரா கண்ணாடி போட்ட பசங்க ஜன்னலைத் தொறந்து வச்சிக்கினு குந்தியிருக்கறாங்க. வெலை 599 டாலர்னு வருது. முன்னாடி பேசறப்ப அந்த லக்கிப் பையன் 350ஐ ஒட்டி இருக்கும்கற மாதிரி பேசி வச்சிருந்தான். இப்ப, "நான் சொன்ன வெதம் சரியில்ல"ன்னு மன்னிப்புக் கேட்டுக்கிட்டான். மன்னிப்பு ஓசி, பொட்டி 599. அந்தப் பொட்டிய ஓட்டறதுக்குத் தோதான கம்ப்யூட்டரும் சேத்து வாங்கினா 1,499 டாலர்லருந்து ஆரம்பம். மார்ச்சுல தரோம்னு காட்டினது, பாத்துக்கினு இருக்கறப்பவே மேன்னு மாறுச்சி, ஜூன்னு மாறுச்சி. 20 நாட்டுக்கு அனுப்பறோம்னாங்க. பட்டியல்ல ஐஸ்லாந்து இருந்துச்சி, இந்தியா இல்ல.

மார்ச் 28 கெளம்ப வேண்டிய நாளு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி லக்கியே அலாஸ்காவுக்கு ஏறிப் போயி, மொத ஆர்டர் போட்டவரு வூட்டு வாசல்ல நின்னு கையில குடுத்துட்டு வந்தான். போட்டோ நல்லா வந்துச்சி. மத்தவங்களுக்கு ஏப்ரல் பொறந்ததும் லெட்டர் வந்துச்சி: உதிரி பாகம் தட்டுப்பாடு, கொஞ்சம் தாமசமாவும், அனுப்பற கூலி வேணாம். இந்தக் கடைசி வரிய நல்லா மனசுல வை. வேவாரம்னா அதான்டா. சாமான் இல்லாதப்ப கூலியத் தள்ளுபடி பண்ணு, வாங்கறவன் குளுந்து போயிடுவான்.

அதே வருஷம் பிப்ரவரியில நம்ம நாட்டுலயும் ஒரு கூத்து நடந்துச்சி, மறந்துட்டியா? நொய்டாவுல ரிங்கிங் பெல்ஸ்னு ஒரு கம்பெனி, 251 ரூபாய்க்கு ஸ்மார்ட் போன்னாங்க. புக்கிங் தொறந்த மொத நாளே வெப்சைட்டு படுத்துக்கிச்சி. 251 ரூபாய்க்கு நம்ம ரோட்டுல ஒரு நல்ல கைத்தடி கெடைக்காதுடான்னு அப்பவே சொன்னேன். எவன் கேட்டான். அதுக்கும் முன்னாடி ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருந்த வாத்தியாருங்களை நான் பாத்திருக்கறேன். அவங்களாவது வண்டி வந்ததும் பள்ளிக்கூடம் போனாங்க. நீ எங்கடா போவப் போற? கூடத்துலயே நிக்கப் போற.

நான் உன்னை வேணாம்னு சொல்லல. இன்னா வேடிக்கைன்னா, காத்திருக்கறவன் வாயில இருக்கற வரைக்கும்தான் அந்தப் பொட்டி ஒரு கொறையும் இல்லாம ஓடுது. அதுல அவன் சந்திரன்ல நடப்பான், கடலுக்கடியில போவான், கழுத்து வலிக்காது, பேட்டரி எறங்காது. வந்து சேந்த அன்னிக்குத்தான் சந்திரனுக்கும் சார்ஜர் வேணும்னு தெரியும்.

எனக்கும் இந்த ஆசை இருந்துச்சிடா. 1984ல மலையாளத்துல மை டியர் குட்டிச்சாத்தான் வந்துச்சி, இந்தியாவுக்கே மொத 3டி படம். அடுத்த வருஷமே தமிழ்ல விஜயகாந்த் நடிச்சி அன்னை பூமி. கண்ணாடி போட்டுக்கினு பாக்கணும். அந்தக் கண்ணாடியப் போட்டா மெட்ராஸ் ஐ தொத்திக்கும்னு ஊரெல்லாம் வதந்தி. சுத்தம் பண்ணித்தான் தரோம்னு குட்டிச்சாத்தான் எடுத்தவங்க படத்தோடவே காட்ட வேண்டியதாப் போச்சி. நான் மல்லாட்டை மூட்டைய கமிட்டியில போட்டுட்டு, அந்தக் காசுலயே போயி குந்தினேன். திரையிலருந்து ஒரு சாமான் மூக்குக்கு நேரா வருது. எட்டிப் புடிச்சேன். கையில வந்தது முன்வரிசை ஆளோட தலை. எண்ணெ தடவின தலை. அவரு திரும்பிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, ஏன்னா அவரு கையும் அதுக்கு முன்வரிசைக்காரன் தலை மேலதான் இருந்துச்சி.

நீ மட்டும் இன்னா? பாலு வூட்டு வாண்டுங்களோட சேந்து, கோயில் வாசக் கடையில பிளாஸ்டிக் கேமரா கேட்டு மண்ணுல பொரண்டவன்தானே. கண்ணுல வச்சி ஒரு அமுக்கு அமுக்கினா அண்ணாமலையாரு, இன்னொரு அமுக்குக்கு உண்ணாமுலையம்மன், அப்பால பிள்ளையாரு, முருகன். ஒரு சுத்து முடிஞ்சி மறுபடி மொத சாமியே வந்ததும் "புது சாமி வரல"ன்னு ஒரே அழுவ. இப்ப அதைத்தான் கன்டென்ட்டு இல்லைன்னு சொல்றாங்களாமே, நேத்து நீ படிச்சியே.

உன் மாமன் ஒருவாட்டி விசேஷப் பந்தலுக்கு அட்டைப் பொட்டி கொண்டாந்தானே. கூகுள்காரங்க 2014ல அட்டையில மடிச்சிக் காட்டினதும் ஆளாளுக்கு அதைப் பாத்து செஞ்சி வித்தாங்க. ரெண்டு லென்ஸு, பக்கத்துல காந்த வளையம் ஒண்ணு, அதைக் கீழ இழுத்தா பட்டன். போனை உள்ள சொருவி ரப்பர் பேண்டு போட்டான். என் மொகத்துல வச்சதும் ஒரே பனிமூட்டம். இமயமலையான்னு கேட்டேன். "உன் விபூதி லென்ஸுல ஒட்டிக்கிச்சி"ன்னு துண்டால தொடச்சான். அப்பறம் பாரு, கம்பி மேல ஓடற ரயில் வண்டி. மேல ஏறி நிக்குது. கீழ பாத்தேன், என் காலு இல்ல. பந்தக்காலைக் கட்டிப் புடிச்சேன். ஜனமெல்லாம் சிரிக்குது. கண்ணு சொல்லுது, டேய் பள்ளத்துல வுழறடா. காதுக்குள்ள நிதானம் பாக்கற ஒரு கருவி இருக்குதாம், அது சொல்லுது, இல்லியே, ஸ்டூல் மேலதான் குந்தியிருக்கறான். இது ரெண்டும் போட்ட சண்டையில வயிறு தனியா ஒரு முடிவு எடுத்துச்சி. அன்னிக்கு ராத்திரி கேவுரு களி வேணாம்னவன் நான். என் ஆயுசுலயே அது ஒரு நாளுதான்.

அதனால, பொட்டி வர்ற வரைக்கும் சும்மா வாசலைப் பாக்காம, வூட்டைப் பாரு. கூடத்துல நெல்லு மூட்டை அடுக்கியிருக்குது. கண்ணைக் கட்டிக்கினு நீ வெளையாட்டுல கத்தி வீசறப்ப மூட்டை நவுராது, உன் காலுதான் நவுரும். நீ கண்ணாடி போடறவன், கண்ணாடிக்கு மேல பொட்டி குந்துமான்னு கேட்டியா? ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எம்மாம் தூரம்னு ஸ்கேலு வச்சி அளந்தியா? லென்ஸு அதுக்குத் தக்கின மாதிரி நிக்காட்டி தலைவலிதானாம். பதிமூணு வயசுக்குக் கீழ உள்ளதுங்களுக்கு ரிஃப்ட்டு வேணாம்னு அதைச் செஞ்சவங்களே எழுதி வச்சிருந்தாங்க. தெருவுல இருக்கற வாண்டு பூரா உன் வாசல்ல வரிசை கட்டுமே, அதுங்களுக்கு இன்னா பதில் சொல்லப் போற?

அவசரப்பட்டவங்க கதையும் சொல்லிடறேன். 2017ல எச்டிசி வைவ்ங்கற இன்னொரு கம்பெனிப் பொட்டி இந்தியாவுக்கு வந்தப்ப வெலை 92,990 ரூபா. நல்ல கறவ மாடே ரெண்டு புடிச்சிருக்கலாம். 2021ல ரிஃப்ட்டுங்கற வரிசையே முடிஞ்சி போச்சி. அதே வருஷம் கூகுள் அட்டைய விக்கறதையும் நிறுத்திட்டாங்க. 2023ல ஐபிஎல் பாக்கறதுக்குன்னு ஜியோ 1,299 ரூபாய்க்கு, போனை உள்ள சொருவற பொட்டி ஒண்ணு வுட்டாங்க. ஒம்போதாயிரம் பேரு பழகிப் பாக்கக் காசு குடுத்தது, பத்து வருஷம் கழிச்சி இங்க மல்லாட்டைக் காசுக்கு வந்துடுச்சி, பாத்தியா. லக்கிப் பையன்? 2017லயே பேஸ்புக்கை வுட்டு வெளிய வந்து ஆயுதம் செய்யற கம்பெனி ஆரம்பிச்சான். பேஸ்புக்கு மெட்டான்னு பேரை மாத்திக்கிச்சி. இப்ப ரெண்டு பேரும் கைகோத்துக்கினு அமெரிக்கப் பட்டாளத்துக்குப் பொட்டி செய்யறாங்களாம். வெளையாட்டு சாமானை வச்சி வயசுப் பசங்களை மயக்கினவன் கடைசியில கவர்மெண்டு ஆர்டர் புடிச்சிட்டான். சமத்து.

நானும் அதே ரோசனையிலதான் இருக்கறேன். இப்டி கிட்ட வா, கடைக்காரன் காதுல வுழப் போவுது.

பௌர்ணமிக்கு வர்ற ஜனத்துல பாதிப் பேருக்கு முட்டி வலி. 14 கிலோமீட்டர் நடக்கறேன்னு கெளம்பி வந்துடறாங்க, நம்ம அடி அண்ணாமலை வர்றதுக்குள்ள கடையில குந்தி காலைப் புடிச்சிக்கறாங்க. ஆந்திராக்காரம்மாங்க பாவம், சொல்லக்கூட பாஷ தெரியல. நம்ம திண்ணையில ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். பொட்டிய மாட்டி வுட்டா இந்திர லிங்கத்துலருந்து ஈசானிய லிங்கம் வரைக்கும் குந்தினபடியே சுத்திட வேண்டியதுதான். நீ முன்னாடியே நடந்து போயி படம் புடிச்சிக்கினு வந்துடு. தலைக்கு இருவது ரூபா. கார்த்திகை தீபத்தன்னிக்கி அர்த்தநாரீஸ்வரரு ரெண்டே நிமிசம்தான் வெளிய வந்து ஆடிட்டு உள்ள போறாரு. காலையிலருந்து காத்துக்கெடந்தவனுக்கு முன்னாடி நிக்கறவன் தூக்கிப் புடிச்ச போன்தான் தெரியுது. நம்ம பொட்டியில எந்தத் தலையும் குறுக்க வராது, முப்பது ரூபா. தலை சுத்தறவங்களுக்கு எலுமிச்சம்பழம், அது உங்க ஆயா கணக்கு, நாம கை வைக்கக் கூடாது. விபூதி தொடைக்கற துண்டு ஓசி. குந்திக்கினே சுத்தினா புண்ணியம் வருமான்னு எவனாவது கேப்பான். அண்ணாமலையாரு ஆபீசு கிழக்கு கோபுரத்தாண்ட இருக்குது, அங்க போயி விசாரின்னு சொல்லிடலாம். லாபத்துல எனக்குப் பாதி, உனக்குப் பாதி. கரண்டு பில்லு உன்னுது.

எதுக்குடா மொறைக்கற? பொட்டி வரட்டும், அப்பறம் பேசிக்கலாம்ங்கறியா? அதெல்லாம் நேரமில்ல. நம்ம தெருவுல மூணு கெழவிங்க கிட்ட போன வாரமே அட்வான்ஸ் வாங்கிட்டேன். இன்னிக்குக் காலையில ஒருத்தி வந்து எப்பய்யா வரும்னு கேட்டா. உதிரி பாகம் தட்டுப்பாடு, ஆடி கழியட்டும்னேன். மொகம் சுருங்கிச்சி. நாற்காலி வாடகை உனக்கு வேணாம் தாயின்னு சொன்னேன், மனசு குளுந்து போயிட்டா.