பொள்ளாச்சியில் ஹெவி மெட்டல்: ஒரு பிரமாண விசாரணை

சீர்காழி கோவிந்தராஜனையும் இளையராஜாவையும் நாகஸ்வரக் கல்யாணியையும் பென்டிரைவில் அடுக்கி வைத்திருக்கும் பொள்ளாச்சித் தோட்டக்காரர் ஒருவர், அவற்றோடு பழைய ஹெவி மெட்டல் பாட்டொன்றைச் சேர்க்க முற்படுங்கால், அது சேர்க்கத்தக்கதுதானா என்பதை எந்தப் பிரமாணத்தால் நிச்சயிப்பது என்று நம் சாஸ்திரகாரர்கள் எழுதாமற்போனது பெருங்குறையாதலின், அதனை நிவர்த்திக்கவே இவ்விசாரணை. எடுத்துக்கொண்ட பாட்டு, பிளாக் சப்பாத் குழுவினர் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று வெளியிட்ட முதல் இசைத்தட்டின் முதற்பாட்டு. குழுவின் பெயரே பாட்டுக்கும் பெயர்.

முதலில் அனுமானம். புகை கண்ட இடத்தில் நெருப்பை ஊகிப்பதுபோல, மண்டையோட்டுப் பனியன் அணிந்தவனை இச்சங்கீதத்தில் தேர்ந்தவனாக ஊகிக்கலாம் என்பது பூர்வபட்சம். வியாழக்கிழமை மாட்டுச் சந்தையில், காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவாறு அத்தகைய பனியனோடு நின்ற இளைஞனிடம் சிறந்த பாட்டு எதுவென்று வினவியபோது, "அதெல்லாந் தெரியாதுங்ணா, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் மிச்சம், நூறு ரூவாய்க்குக் குடுத்தாங்க" என்று விடை வந்தது. கொங்கு நாட்டில் இச்சங்கீதம் காதை எட்டுமுன் முதுகை எட்டிவிட்டபடியால், அனுமானம் தள்ளுபடியாகிறது.

அடுத்தது சப்தம், அதாவது நம்பத்தக்கோர் சொல்; இவ்விஷயத்தில் சப்தம் மிகுதியாகவே உண்டு. 2007-இல் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்னும் ஹெவி மெட்டல் குழுவை நேரிற்கேட்டு வந்த மைத்துனர் பாட்டுக்குப் பலமாகச் சாட்சி சொல்கிறார். ஆயினும், அன்றிரவு முழுதும் தம் காது இரைந்துகொண்டே இருந்ததென அவரே வாக்குமூலம் தருவதால், அதனை ஆப்த வாக்கியமாகக் கொள்வதற்கில்லை.

எஞ்சியது பிரத்தியட்சம். பாட்டு மழையும் இடியும் மணியோசையுமாய்த் தொடங்கிய மாத்திரத்தில், உள்ளறையிலிருந்த அப்பத்தாள், "களத்துல கொப்பரை காயுதுடா, படுதாவை இழுத்து மூடுங்கடா!" என்று முற்றத்துக்கு ஓடிவந்ததே இப்பாட்டின் மெய்ம்மைக்கு முதற்சான்று. மழை ஓய்ந்து கிதார் எழுந்ததும் மற்றொன்று விளங்கியது: ஆதார சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம்; பயங்கரமெல்லாம் இம்மூன்றே ஸ்வரங்களில் அடக்கம். சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு ஐரோப்பிய இசைநூலார் 'இசையிலுள்ள சாத்தான்' என்று பெயரிட்டு அஞ்சினர். நாமோ அதே மத்திமத்தை 65-ஆம் மேளமாகிய மேசகல்யாணியில் அமர்த்தி, கலியாண வீடுதோறும் வாசிக்கச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அக்கிதாரை வாசித்த டோனி அயோமியின் சரித்திரமும் நமக்கு அந்நியமன்று. பர்மிங்காம் தகட்டுத் தொழிற்சாலையில் 17-ஆம் வயதில் இரு விரல்நுனிகளை இழந்தவர், பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தாமே விரலுறை செய்து, இலேசான தந்திகளை மாட்டி வாசித்தார். கிடைக்காத உதிரிபாகத்தைக் கடைந்து மாட்டிக்கொள்வதைக் குலாசாரமாகக் கொண்ட கோவை ஜில்லாப் பட்டறைக்காரர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டுவதில்லை.

ஆகவே சித்தாந்தம்: இப்பாட்டு சேர்க்கத்தக்கதே, அதற்குரிய ஸ்தானம் நாகஸ்வரக் கல்யாணிக்கு அடுத்தது. களத்தில் கொப்பரை காயும் நாட்களில் மட்டும் மழைப் பகுதியைத் தாண்டிப் போடுக என்பது விதிவிலக்கு.