மூன்று நாள் கப்பல்காரர்

ஈப்போ வட்டாரத்தில் ஒரு வகை மனிதர் பெருகி வருகிறார். புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கும்போதும், கல்லுமலைக் கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போதும், முடிவெட்டும் கடையில் கழுத்தைக் குனிந்து கொடுத்திருக்கும்போதும்கூட அவரை அடையாளம் கண்டுவிடலாம். யாரும் கேட்காமலே, “இந்த லீவுக்குக் கப்பல்ல போறோம், மூணு நாள்” என்பார். எந்த ஊருக்கு என்று கேட்டால் சற்றுத் தடுமாறுவார். அந்தப் பயணத்தில் ஊர் ஒரு பொருட்டே இல்லை. சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்கலாம். கிள்ளான் துறைமுகத்தில் ஏறிக் கிள்ளானிலேயே இறங்கலாம். இடையில் பினாங்கோ புக்கெட்டோ தலைகாட்டினால் உண்டு. உடன் வருபவர்கள் மனைவி, தாயார், ஒன்றரை வயதுப் பிள்ளை. ஊரார் இவரைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு சுருக்கமானது: காசு மிஞ்சிவிட்டது, புத்தி மிஞ்சவில்லை. அந்தத் தீர்ப்பை மறுப்பதுதான் என் கட்சி. பாட்டனும் பூட்டனும் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தை இந்த மனிதர் மூன்று நாளைக்குச் சொந்தக் காசில் வாடகைக்கு எடுக்கிறார். தாம் செய்வது அதுதான் என்பது அவருக்கே தெரியாது.

முதல் சாட்சி அவருடைய பெட்டி. பயணம் துறைமுகத்தில் தொடங்குவதில்லை, பத்து நாள் முன்னால் வீட்டுக் கூடத்தில் தொடங்குகிறது. முப்பது டயப்பர் போதும் என்று மனைவி கணக்குச் சொல்ல, நடுக்கடலில் கடை ஏது என்று அவர் ஐம்பது அடுக்குகிறார். நெஸ்தம், மைலோ, மேகி, ரசப்பொடி, ஊறுகாய், தலைவலிக்கு ஒன்றும் வாந்திக்கு ஒன்றுமாக இரண்டு புட்டி கோடாலித் தைலம். மலாக்கா நீரிணைக்கு ஒரு புறம் சுமத்ரா, மறுபுறம் தீபகற்பம். இரு கரையும் அணைத்துக் காக்கும் கடல் அது. பெரிய கப்பல் அங்கே ஆடுவதைவிட லூமுட் போகும் பஸ் அதிகம் ஆடும். சொன்னால், “இருக்கட்டும்ங்க, கையில இருந்தா தைரியம்” என்பார். தாயார் தம் பங்குக்குச் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைக் கைலியில் சுற்றிப் பெட்டியின் அடியில் பதுக்குவார். தீக்கு அஞ்சும் பயணக் கப்பல்கள் சூடேறும் மின்சாதனங்களை அறைக்குள் விடுவதில்லை. எக்ஸ்ரேயில் குக்கர் பிடிபடும். இறங்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். மூன்று நாளும் அந்த அம்மாளின் மனம் கடலில் இராது, குக்கரில்தான் இருக்கும். பிள்ளையின் கடப்பிதழ் இன்னொரு கண்டம். ஐந்து ஆண்டு செல்லும் அந்தப் புத்தகத்தில் இருப்பது மொட்டை அடித்த ஆறாம் மாதத்துப் படம். எதிரே நிற்பது சுருட்டை முடியோடு வீறிடும் ஓர் ஆள். குடிநுழைவு அதிகாரி படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்ப்பார். இந்தச் சுமையைக் கண்டு சிரிக்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. ஊர் பார்க்கப் போகிறவன் இப்படி மூட்டை கட்டமாட்டான். குடிபோகிறவன்தான் கட்டுவான்.

போய்ச் சேரும் குடியிருப்பையும் பாருங்கள். கப்பல் துறையை விடுமுன் பயணிகள் எல்லோரும் அவசரகாலப் பயிற்சிக்கு ஆஜராக வேண்டும். 2012இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்தா கான்கோர்டியா சாய்ந்த பிறகு இந்த விதி இறுகிவிட்டது. கூட வேண்டிய இடத்துக்கு மஸ்டர் ஸ்டேஷன் என்று பெயர். விடியுமுன் ஆள் எண்ணும் சடங்கைத் தோட்டத்துத் துரைமாரும் மஸ்டர் என்றுதான் சொன்னார்கள். நம் சனங்கள் பிரட்டு என்றார்கள், அது நடந்த இடம் பிரட்டுக்களம். பேராக்கின் தோட்டங்களில் குன்றின்மேல் துரை பங்களா, சற்றுத் தள்ளிக் கிராணி வீடு, பள்ளத்தில் லயங்கள். கப்பலில் உச்சித் தளங்களில் சொகுசு அறைகள், நடுவில் பால்கனி அறைகள், உள்ளே ஜன்னலே இல்லாத மலிவு அறைகள் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி. தோட்டத்துக் கடையில் பற்று வைத்துச் சாமான் எடுத்தால் சம்பள நாளில் பிடித்துக்கொள்வார்கள். கப்பலில் அறைச் சாவியாகிய அட்டையை நீட்டிக்கொண்டே போனால் கடைசி நாள் காலையில் பில் வரும். இரண்டிலும் வாங்கும்போது காசு கண்ணில் படாது, கணக்கு வரும்போது கண்ணைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. பால் நன்றாக வடிவது விடியற்காலைக் குளிரில் என்பதால் தோட்டம் இருட்டிலேயே எழுந்தது. மூன்று நாள் கப்பல்காரரின் வீட்டாரும் கப்பலில் ஐந்தரை மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். அதற்குத் தனியாக மணி வேண்டாம், பிள்ளை இருக்கிறது.

துரை என்ற பதவிக்கும் கப்பலில் ஆள் உண்டு, காப்டனைச் சொல்லவில்லை. யாருக்கும் விளங்காத மொழியில் ஆணையிடுகிறவர், ஆனாலும் எல்லோரும் ஓடி ஓடிச் செய்கிறார்கள். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று எல்லாத் தளங்களையும் மேற்பார்வையிடுகிறார். உடன் ஒருவர் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் தூக்கி வருகிறார். பிடிக்காத உணவைத் தரையில் எறிகிறார், மதியம் உறங்குகிறார், உறங்கும்போது பக்கத்தில் ஒருவரும் இருமக்கூடாது. ஒன்றரை வயதில் இத்தனை நிர்வாகத் திறமை எந்த வெள்ளைக்காரத் துரைக்கும் இருந்திராது.

ஒரு விஷயத்தில் தோட்டம் கப்பலை வென்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கப்பல் விளம்பரத்தில் குழந்தைகள் மன்றம் என்று வண்ணப் படம் இருக்கும். அதை நம்பித்தான் நம்மவர் முன்பணம் கட்டுகிறார். ஏறிய பிறகு தெரிகிறது: பெற்றோர் விட்டுவிட்டுப் போக வேண்டுமானால் பெரும்பாலும் பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும், டயப்பர் பழக்கமும் போயிருக்க வேண்டும். நீச்சல் குளத்திலும் பல கப்பல்களில் இதே சட்டம். டயப்பர் கட்டிய பிள்ளை ஓரமாக உட்கார்ந்து மற்றவர் குதிப்பதைப் பார்க்கலாம். ஆறு மாதம் நிறையாத சிசுவைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதே இல்லை. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் இந்த நிபந்தனைகள் எதுவும் கிடையாது. கைக்குழந்தையை இருட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தாய் வெட்டுக்குப் போனாள். தொங்கிய தொட்டில்களை ஒரு கிழவி வரிசையாக ஆட்டிவிட்டாள். வசதி குறைவு, சுகாதாரமும் சந்தேகம்தான். ஆனால் டயப்பரைக் காட்டி எந்தப் பிள்ளையையும் வாசலோடு திருப்பி அனுப்பியதில்லை.

சரி, கப்பல்தான் ஆசை என்றால் லூமுட்டில் பங்கோர் ஃபெரி இல்லையா, சில வெள்ளியில் முடியுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாகத் தெரிகிற வாதம், ஆனால் பிள்ளை வளர்த்தவர் பேசும் வாதம் அன்று. ஃபெரியின் குறையே அது ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதுதான். சேர்ந்த இடத்தில் வண்டி தேட வேண்டும், அறை தேட வேண்டும், உறைப்பில்லாத சோறு தேட வேண்டும். நடுவில் டயப்பர் மாற்றவும் ஓர் இடம் தேட வேண்டும். நடை பழகும் பிள்ளைக்கு ஊர் மாறுவது தண்டனை, அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கு இரட்டைத் தண்டனை. கப்பலில் பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். சாப்பாட்டுக் கூடமும் கட்டிலும் ஒரே லிஃப்ட் தூரத்தில் இருக்கின்றன. ஜன்னலில்லாத மலிவு அறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு: பகல் இரண்டு மணியை நள்ளிரவாக்கிப் பிள்ளையைத் தூங்க வைக்கலாம். கூடுதல் பணம் கொடுத்துப் பால்கனி அறை எடுத்தவர்தான் பாவம். பிள்ளை கம்பியில் ஏறிவிடும் என்று முதல் மணி நேரத்திலேயே கதவைப் பூட்டி, அதற்கு அண்டையாகப் பெட்டியை நிறுத்தி, மூன்று நாளும் கண்ணாடி வழியே கடல் பார்ப்பார்.

இதைவிட வலுவான ஆட்சேபம், இத்தனை செலவும் பிள்ளைக்கு நினைவிருக்கப் போவதில்லையே என்பது. உண்மை, ஒன்றரை வயதில் நடந்ததை யாரும் பிறகு நினைவுகூர்வதில்லை. ஆனால் விடுமுறை பிள்ளைக்கு என்று யார் சொன்னது? டிக்கெட்டின் மெய்யான பயனாளி, பெயரளவில் கூட வருகிற மனைவிதான். இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்ற கேள்வி தலையில் எழாமல் மூன்று விடியல் அவருக்குக் கிடைக்கிறது. அவருடைய பாட்டி வெட்டும் முடித்து, பாலும் சுமந்து, கொட்டகையிலிருந்து பிள்ளையையும் வாங்கி வந்து, அதற்குப் பிறகு அடுப்பு மூட்டிய பெண். அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் யாரோ சமைத்து, யாரோ தட்டெடுத்துப் போகும் மூன்று நாள் நீண்ட கால நிலுவை ஒன்றின் சிறு தவணை. தவணையைச் செலுத்துகிறவர் பெருமைக்காரராக இருந்தால்தான் என்ன? வாட்சாப்பில் அறுபது படம் போடுவார்; பொறுத்துக்கொள்ளலாம்.

கடைசி ஆட்சேபம் நகைப்புக்குரியதன்று. தோட்டம் கங்காணியும் கடனும் காய்ச்சலும் ஆண்ட இடம். சொகுசுக் கப்பலை அதனோடு ஒப்பிடுவது செத்தவர்களைக் கேலி செய்வதாகாதா? ஆகும், ஒப்புமையை அதோடு நிறுத்தினால். எனவே கப்பலைக் கப்பலோடு வைத்துப் பார்ப்போம். கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926இல் ஓடத் தொடங்கிய ராஜுலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. எட்டாயிரத்துச் சொச்சம் டன் கொண்ட அதில் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வரை ஏற்ற அனுமதி இருந்தது. பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்தவர்கள். இன்று சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு இந்தக் கடலில் ஓடும் கெந்திங் டிரீம் 2016இல் கட்டப்பட்டது. ஒன்றரை லட்சம் டன், அறைக்கு இருவர் என்ற கணக்கில் 3,352 பயணிகள். இந்த டன் எடையைக் குறிப்பதில்லை, கப்பலின் உள்ளிடத்தைக் குறிக்கும். ஆகவே வகுத்துப் பார்க்கலாம். ராஜுலாவில் தலைக்கு 1.7, இதில் 45. அன்று ஒரு குடும்பம் படுத்து வந்த இடத்தில் இன்று மடிக்காத ஸ்ட்ரோலர் ஒன்று நிற்கிறது. அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம் என்பதால் நம்மவர் ஸ்ட்ரோலர் தள்ளும் ஊரும் பூட்டன் இறங்கிய ஊரும் ஒன்றே.

இட வசதியைவிடப் பெரிய வித்தியாசம் வேறு. வயதான உறவினர் இந்தப் பயணத்தைக் கேள்விப்பட்டதும் கேட்கும் முதல் கேள்வி, “ஏறுன எடத்துலயே எறங்குறதுக்கா தம்பி இவ்வளவு காசு?” என்பது. கிண்டலாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் நாகப்பட்டினத்தில் ஏறியவர்களில் எத்தனை பேருக்கு ஏறிய இடத்தில் மறுபடி இறங்கக் கொடுத்து வைத்தது? ஐந்து வருஷத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லி வந்தவர்கள் சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் மண்ணானார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடியில் ஆயிரக்கணக்காய்க் கப்பலேறி, தாங்கள் பார்த்திராத ஊருக்குத் ‘திரும்பினார்கள்’. ஊன்றி நின்றவர்களின் தோட்டமும் துண்டு துண்டாக விற்கப்பட்டுக் கை மாறியது. அதைத் தடுக்கச் சுங்கை சிப்புட்காரரான சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கியது தனிக் கதை. மற்றவர்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டு ஈப்போவின் தாமான்களுக்கு வந்தார்கள். (தாமான் என்ற மலாய்ச் சொல்லுக்கும் பொருள் தோட்டம்தான், நம் ஆட்களைத் தோட்டம் லேசில் விடுவதில்லை.) இந்த வம்சத்தில் ஒருவர் முன்கூட்டியே திரும்பும் தேதி அச்சிட்ட சீட்டோடு கப்பலேறி, சொன்ன தேதியில், ஏறிய அதே மேடையில், போன அத்தனை பேரோடும் இறங்குகிறார். அதற்கு என்ன விலை சொன்னாலும் எனக்கு மலிவாகவே படுகிறது.

அவர் மட்டும் இதையெல்லாம் நினைப்பதில்லை. இறங்கும் நாளில் அவருக்கு இருக்கும் கவலை, பிரிக்காத முப்பத்தைந்து டயப்பரைப் பெட்டியில் திணிப்பது. தாயார் முதல் ஆளாய்ப் போய்க் குக்கரை மீட்டு, மூடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். தாப்பாவில் ஒரு நிறுத்தம், ஒரு டயப்பர். இரவு வீட்டில் குக்கர் அடுப்படி மேடையில் ஏறுகிறது, கஞ்சிக்கு அரிசி விழுகிறது. மாடியே இல்லாத அந்த வரிசை வீட்டில் மூன்று நாளாய்ப் பழகிய லிஃப்ட் பொத்தானைச் சுவர் சுவராகத் தேடி அழுத பிள்ளை, பாட்டி இடுப்பில் ஏறிக் குக்கரின் பொத்தானை அமுக்கிவிட்டு, கதவு திறக்கும் என்று காத்திருக்கிறது.