ரிப்பன் கட்ட முடியாத குழாய்

கண்ணு, நகராட்சியில உதவிப் பொறியாளர் ஆயிட்டயாம். நெம்பச் சந்தோசஞ் சாமி. உனக்குப் பாதாளச் சாக்கடைப் பிரிவைக் குடுத்துட்டாங்கன்னு உங்கம்மா மூக்கைச் சிந்துனா. "அழுகாதே அம்மிணி, பாலம் கட்டறவனை நாலு பேரு அண்ணாந்து பாப்பாங்க, குத்தஞ் சொல்லுவாங்க. சாக்கடைக்குள்ள குனிஞ்சு பாக்கற ஆளு எவன் இருக்கறான்? உன்ற மகன் ராசா மாதிரி இருப்பான்"னு தேத்திவிட்டேன். அப்புச்சி சொன்னது பொய்யாப் போகாம நீதான் பாத்துக்கோணும்.

உத்தியோகத்துல பேரெடுக்க ஒரு வழி இருக்குது. உனக்கு முன்னால பல பேரு நடந்து நடந்து தேஞ்ச தடம். நீயும் கண்ணை மூடிட்டு அதுலயே போ. முதல்ல ஒரு வீதியப் பாரு. அடியில ஓடற குழாய் அம்பது வருசத்துக் கிழடா இருக்கோணும். அதை நோண்டிறாதே. அதுக்கு மேல கனமாத் தார் ரோடு போடு. தலைவரைக் கூப்பிட்டுப் பூசை வை, போட்டோ எடு. ஒரு மழை பேஞ்சதும் ரோடு நடுவுல குழி விழுகும். தண்ணி லாரியோட பின்சக்கரம் அதுக்குள்ள எறங்கும். ஒடனே 'அவசர வேலை'ன்னு எழுதிக்கோ. போட்ட ரோட்டை ஒடை, ஒடைஞ்ச எடத்துல மட்டும் நாலு குழாயை மாத்து, மண்ணத் தள்ளு, மறுக்கா தார் ஊத்து. ஒரே வீதிக்கு ரெண்டு பூசை, மூணு பில். இந்தச் சூத்திரத்தை எந்தக் காலேசுலயும் சொல்லித் தர மாட்டாங்க.

ஏன் இப்படி நடக்குதுன்னா, குழாய்க்கு ரிப்பன் கட்ட முடியாது. ரோட்டுக்குக் கட்டலாம், நெழற்குடைக்குக் கட்டலாம், கக்கூசுக்குக்கூடக் கட்டறாங்க. பதினஞ்சு அடி ஆழத்துல இருக்கற குழாயைத் தொறந்து வைக்க எந்த மந்திரி எறங்குவாரு?

இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கறயா? நீ படிச்சு முடிச்சு அட்டாலியில வீசிட்டுப் போன பொஸ்தகமெல்லாம் அப்படியே கெடக்குது. உன்ற தங்கச்சி வாசிச்சு அர்த்தஞ் சொல்றா, நான் வெத்தலை போட்டுட்டுக் கேக்கறேன். பரீச்சைக்குப் படிச்சதை நீ பரீச்சையோட எறக்கி வெச்சிருப்பே. எனக்குப் பரீச்சை இல்லாததுனால மறக்கல.

குழாய் எப்படிக் கெடுதுன்னு கேளு. அழுக்கு ஓடற அடிப்பக்கம்தான் அரிச்சுப் போகும்னு சனம் நெனைக்குது. சிமெண்டுக் குழாயில கதை தலைகீழ். ஓட்டம் மந்தமா இருந்தா அடியில வழவழன்னு ஒரு படலம் படியும். காத்துப் புகாத அந்தப் படலத்துல இருக்கற நுண்ணுயிரு, தண்ணியில இருக்கற சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவா மாத்திரும். அழுகின முட்டை நாத்தம்னு சொல்றமே, அதுதான். அது மேல எந்திரிச்சுக் குழாயோட உச்சியில, ஈரத்துல போய் ஒட்டும். அங்க வேற ஒரு கூட்டம் நுண்ணுயிரு குடியிருக்குது. அது வாயுவைக் கந்தக அமிலமா மாத்தும். அமிலம் சிமெண்டைத் தின்னு, வெரல்ல வழிச்சு எடுக்கற பதத்துக்குக் கொண்டுவந்துரும். இந்த வேலையச் செய்யறது நுண்ணுயிருதான்னு 1945-ல மெல்போர்ன்ல பார்க்கர்ங்கற ஆராய்ச்சிக்காரரு கண்டு சொன்னாரு. ஆக, அழுக்கைச் சொமக்கறது அடி, அரிச்சுப் போறது உச்சி. உன்ற ஆபீசுல எப்படின்னு நான் கேக்கல.

பழைய ஸ்டோன்வேர்ங்கற சுட்ட மண்ணுக் குழாயை அந்த அமிலம் அசைக்காது. அதுக்கு ஏழரை ஜாயிண்டுல. பூசின சிமெண்டு வெடிச்சதும் வேப்பமரமும் அரசமரமும் ஈரத்தை மோந்து பாத்து வேரை உள்ள விட்டுரும். வெளிய நிலத்தடித் தண்ணி ஒசந்தா அந்த வெடிப்பு வழியாக் குழாய்க்குள்ள எறங்கும். வெறுந் தண்ணியா வராது, சுத்தி இருக்கற மண்ணையும் கரைச்சு இழுத்துட்டு வரும். வருசக்கணக்காக் கொஞ்சங் கொஞ்சமா மண்ணு போகப் போக, குழாய்க்கு மேல ஒரு பொந்து விழுந்துரும். ரோடு தாரோட தயவுல அந்தரத்துல நிக்கும். அதைத்தான் ஒரு நாள் பேப்பர்ல 'திடீர்ப் பள்ளம்'னு போடறாங்க. பத்து வருசமா விழுந்த பள்ளத்துக்குத் 'திடீர்'னு பேரு வைக்கறவங்களோட தெறமைய மெச்சத்தான் வேணும்.

சரி, சரி பண்ற விதத்துக்கு வா. சட்டுன்னு எஸ்டிமேட் போட்டுறாதே. மொதல்ல தண்ணிய வேகமாப் பீச்சற ஜெட்டிங் வண்டிய விட்டுத் தூரு எடு. அப்பறம் சக்கரம் வெச்ச கேமராவை உள்ள விடு. எந்த மீட்டர்ல வெடிப்பு, எந்த மீட்டர்ல வேரு, எங்க வீட்டு இணைப்பு, எங்க குழாய் தொங்கியிருக்குதுன்னு ஒண்ணொண்ணாக் குறிச்சுக்கோ. பாக்காமயே 'முழுசா மாத்தோணும்'னு எழுதறதுதான் பில்லுக்கு நல்லது, ஒத்துக்கறேன். பாத்துட்டா பாதிக் குழாய் நல்லா இருக்கறது தெரிஞ்சு போகும். காண்டிராக்டர் மொகம் வாடிரும்.

அங்கங்க ஒண்ணு ரெண்டு ஜாயிண்டு மட்டும் ஒழுகுனா, உள்ளயிருந்தே ரசாயனக் கலவைய அழுத்திச் செலுத்தி அடைச்சரலாம். ஒரு எடத்துல மட்டும் வெடிச்சிருந்தா அந்த எடத்துக்கு மட்டும் உள்பட்டை வைக்கலாம். நீளத்துக்கும் கெட்டுப்போச்சு, ஆனா குழாய் பெருசு, கொஞ்சம் சுருங்குனாலும் தாங்கும்னா, அதுக்குள்ள சின்னக் குழாயை இழுத்து விட்டு, நடுவுல இருக்கற சந்துல சிமெண்டுக் கரைசலை ஊத்திரலாம். கொல்கத்தாவுல வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் சாக்கடை இருக்குது, ஆளு உள்ள போற அகலம். அதை இடிக்காம, கண்ணாடி நாரிழை கலந்த பிளாஸ்டிக் கூட்டை உள்ள பொருத்திப் பொழைக்க வெச்சிருக்காங்க.

எனக்குப் புடிச்சது எரிக் உட் கண்டுபுடிச்ச வித்தைதான். 1971-ல லண்டன்ல பண்ணிக் காட்டுனாரு. நம்மூர்ல இஞ்சினீயருங்க சி.ஐ.பி.பி.ன்னு சொல்றாங்களே, அதுதான். குழாய் நீளத்துக்குக் கம்பளித் துணி தினுசுல ஒரு நீளப் பையத் தெச்சு, அதுல பிசினை நல்லா ஊற வைக்கறாங்க. பையோட ஒரு முனைய மேன்ஹோல் வாயில கட்டிட்டு, தண்ணிய ஊத்தி அந்த எடையிலயே உள்ள தள்ளறாங்க. அங்கராக்குக் கையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பறமே, அப்படித் திரும்பித் திரும்பிப் பை குழாய்க்குள்ள ஓடும். பிசின் ஊறுன பக்கம் பழைய குழாய்மேல போய் ஒட்டும். அப்பறம் உள்ள இருக்கற தண்ணியச் சூடு பண்ணுனா பிசின் இறுகி, பழைய குழாய்க்குள்ள சந்தே இல்லாம ஒரு புதுக் குழாய் உருவாயிரும். இப்ப நீராவியிலயும், புற ஊதா வெளக்கை உள்ள இழுத்தும் இறுக வைக்கறாங்க. ரோட்டுல ஒரு கடப்பாரை விழுகாது. கடப்பாரை விழுகலைன்னா வேலை நடந்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கவுன்சிலர் கேப்பாரு. அதுக்கு நீ ஒரு பதிலைத் தயார் பண்ணி வெச்சுக்கோ.

இதுல சித்தே கவனம் வேணும். பை உள்ள ஒட்டுனதும் ரெண்டு பக்கத்து வீடுகளோட இணைப்பு வாயெல்லாம் அடைபட்டுரும். கேமராவோட ஒரு வெட்டு மிசினை உள்ள அனுப்பி, முன்னாடியே குறிச்சு வெச்ச எடத்துல ஒண்ணொண்ணா வெட்டித் தொறந்து விடோணும். நீ ஒரு வாயை மறந்துட்டேன்னு வை, அடுத்த நா காலையில அந்த ஊட்டுப் பொடக்காளியில எல்லாம் எதுக்களிச்சு நிக்கும். அது யாரு ஊடுங்கறே? நம்ம கெரகத்துக்கு அது கமிசனர் மாமனார் ஊடாத்தான் இருக்கும். அதுனால குறிப்பு எழுதறவனுக்கு டீயும் வடையும் நேரத்துக்கு வாங்கிக் குடு. வேலை நடக்கற நேரத்துல மேல் மேன்ஹோல்ல இருந்து கீழ் மேன்ஹோலுக்குப் பம்பு வெச்சுக் கழிவைத் தாட்டி விடறதையும் மறந்துறாதே. வீதியில இருக்கறவங்ககிட்ட 'ரெண்டு நாளைக்குப் போகாதீங்க'ன்னு தண்டோரா போட முடியாது.

பழைய குழாய் சின்னது, சனம் பெருகிப் போச்சு, பெரிய குழாய்தான் வேணும்னா அதுக்கும் வழி இருக்குது. கூம்புத் தலைய உள்ள இழுத்து, பழைய குழாயை ஒடைச்சு மண்ணுக்குள்ள ஒதுக்கிட்டே, பின்னாலயே புதுசை இழுத்துட்டு வர்றது. 1970-கள் கடைசியில பிரிட்டன்ல பழைய வார்ப்பிரும்புக் கேஸ் குழாயை மாத்தறதுக்குக் கண்டுபுடிச்ச வேலை இது. பக்கத்துல தண்ணிக் குழாயும் கரண்டு கேபிளும் எங்க போகுதுன்னு தெரியாம இதைப் பண்ணுனா, சாக்கடைய சரி பண்ணி ஊரை இருட்டாக்கிருவே.

இத்தனை வித்தை இருந்தும் கடப்பாரை எடுக்க வேண்டிய எடமும் உண்டு. குழாய் வாட்டம் கெட்டு நடுவுல தொங்கிப் போச்சுன்னா, உள்ள பையை ஒட்டுனா பையும் சேர்ந்து தொங்கும். புது வழவழப்போட அதே எடத்துல அதே தேக்கம். ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டராவது இருந்தாத்தான் வண்டல் தங்காம தானாக் கழுவிட்டுப் போகும்னு உன்ற பொஸ்தகத்துலயே இருக்குது. வாட்டம் கெட்டதைத் தோண்டித்தான் போடோணும். அப்பத் தைரியமாத் தோண்டு. எவன் திட்டுனாலும் வாங்கிக்கோ.

அளவுக் கணக்குலயும் கஞ்சத்தனம் பண்ணாதே. மெட்ராசுக்கு 1910-கள்ல சாக்கடைத் திட்டம் போட்டவங்க, 1961-ல 6.6 லட்சம் சனம் இருக்கும்னு கணக்குப் பண்ணுனாங்க. அம்பது வருசத்துக்கு அக்கட்ட நெனைச்சாங்களே, அது பெரிய மனசு. ஆனா 1961-ல எண்ணிப் பாத்தா 17 லட்சத்துக்கு மேல. உனக்கு முன்னால இருக்கற சில எஸ்டிமேட்டெல்லாம் அடுத்த தேர்தல் வரைக்குந்தான் நெனைக்குது. அதைவிட வெள்ளைக்காரன் தேவலை.

இனி சொல்றதுல கிண்டல் இல்லை. எந்த அவசரத்துலயும் ஒரு மனுசனை உள்ள எறக்காதே. அந்த முட்டை நாத்தம் எச்சாச்சுன்னா மூக்கு மரத்துப் போயிரும். நாத்தமே இல்லைன்னு நெனைச்சு எறங்குனவன் ஏற மாட்டான். மனுசன் மலம் அள்ளறதைத் தடுக்கற சட்டம் 2013-ல வந்துது. பாதுகாப்பு இல்லாம சாக்கடைக்குள்ள ஆளை எறக்குனா மொதத் தடவைக்கே 2 வருசம் வரைக்கும் செறை. செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் குடுக்கோணும்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, 2023-ல அதை 30 லட்சமாக்குச்சு. தொகைய ஒசத்த வேண்டி வந்துதுன்னா என்ன அர்த்தம்? சாவு நிக்கலைன்னு அர்த்தம். 2018-லயே திருவனந்தபுரத்துல 'பாண்டிகூட்'ங்கற எந்திரத்தை எறக்கித் தூரு எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. 'மிசினு வர நேரமாகும், ஆளு ரெடியா இருக்கறான்'னு காண்டிராக்டர் சொல்லுவான். 'அப்ப நீயே எறங்கு, நான் மேல நின்னு கயிறு புடிக்கறேன்'னு சொல்லு. மிசினு அஞ்சு நிமிசத்துல வந்துரும்.

ஊருச் சனத்தையும் விட்டுறாதே. மொட்டை மாடி மழைத்தண்ணிக் குழாயை ராவோட ராவாச் சாக்கடையில சொருகறது, கல்யாண மண்டபத்து எண்ணெயை அப்படியே ஊத்தறது, துணியும் நாப்கினும் போடறது, அப்பறம் அடைச்சுக்கிச்சுன்னா 'நகராட்சி தூங்குதா'ன்னு போஸ்டர் ஒட்டறது. 2017-ல லண்டன் வைட்சேப்பல் பக்கம் இப்படித்தான் கொழுப்பும் துணியும் கட்டிச் சாக்கடையில 250 மீட்டர் நீளத்துக்கு அடைச்சுக்கிச்சு, எடை 130 டன்னு. ஒடைச்சு எடுத்த துண்டுல ஒண்ணை அடுத்த வருசம் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுக் காட்டுனாங்க. நம்மூர்ல வெச்சா, இது எங்க வார்டுல கெடைச்சதுன்னு பேரு போட ரெண்டு கவுன்சிலருக்குள்ள சண்டை வந்துரும்.

முடிவா ஒண்ணு கண்ணு. உன்ற வார்டுல எந்த வீதிக்கு ரோடு போடற ஃபைல் வந்தாலும், அந்த வீதிச் சாக்கடைக்குள்ள கேமரா விட்டுப் பாத்த ரிப்போர்ட்டு அதோட இருக்குதான்னு பாரு. இருந்தாக் கையெழுத்துப் போடு, இல்லைன்னாத் திருப்பி அனுப்பு. பத்துத் தடவை அனுப்புனா உன்னை வேற ஊருக்குத் தூக்கி அடிப்பாங்க. அடிக்கட்டும். எந்த ஊருக்குப் போட்டாலும் அங்கயும் ஒரு பழைய குழாய் இருக்கும், அதுக்கு மேல ஒரு ரோடு ஃபைலும் இருக்கும்.