கோபிக்குப் பரிஞ்சு பேசினா காப்பி கெடைக்காது

வா மருமவனே, இப்படிப் படியில உக்காரு. காலங்காத்தால குறுக்குத்துறைக்குத் துண்டும் சோப்புமா வந்து நிக்கியே, வீட்டுக் குழாயில தண்ணி வரலியா, இல்ல வீட்டுல பேச்சு வரலியா? மூஞ்சியப் பாத்தா ரெண்டாவதுன்னுதான் தோணுது. காப்பி குடிச்சியா? இல்லையா? அப்ப சங்கதி பெருசுதான்.

சொல்ல வேண்டாம், ஒங்க அத்தை நேத்து ராத்திரியே சொல்லிட்டா. ஒங்க வளவுல நடக்கது எங்க அடுக்களைக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆவும், அவ்வளவுதான். ஒம் பொஞ்சாதி, அந்தப் புள்ள, பட்டாசல்ல உக்காந்து பாக்கியலட்சுமி சீரியல் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. நீ சும்மா கெடக்க மாட்டாம, "என்ன இருந்தாலும் கோபி பாவம். பாக்கியா மன்னிச்சு ஏத்துக்கிட்டா என்ன கொறஞ்சா போவா?"ன்னு வாயை விட்டுட்டே. தோசைக்கல்லை எறக்கி வச்சுட்டு அவ போய்ப் படுத்துட்டா. சரிதானே?

ஏல கோட்டி! அந்தச் சீரியல் 2020 ஜூலையில தொடங்கி 2025-ல முடிஞ்சே போச்சு. விஜய் டிவிக்காரன் அந்த வீட்டு செட்டைப் பிரிச்சு லாரியில ஏத்தியிருப்பான். கோபியா நடிச்சவரும் பாக்கியாவா நடிச்ச அம்மாவும் சம்பளத்தை எண்ணி வாங்கிட்டு அவங்கவங்க சோலியப் பாக்கப் போயாச்சு. பழைய பாகத்தைப் போனுல போட்டு ரெண்டாந்தடவை பாக்குதவ முன்னால போயி நாட்டாமை பண்ண ஒன்னை யாரு கூப்பிட்டா? இந்தா எதிர்த்தாப்புல இருக்காரே முருகன், ஐப்பசி கார்த்திகையில வெள்ளம் வந்தா கோயிலே முங்கிரும். அதுக்கு முன்னாடியே உற்சவரைத் தூக்கிக் கரையேத்திருதாவ. சாமிக்கே அந்த விவரம் இருக்கு. ஒனக்கு, தோசைக்கல்லு எறங்குத சத்தம் கேட்டும் எந்திரிக்கத் தெரியல.

கோபி பாவமாம்! கட்டினவளுக்குத் தெரியாமலே வக்கீலைப் பாத்தவன் பாவம். கல்யாண வயசுல மவனுவ இருக்கும்போது காலேஜ் காலத்துக் காதலியத் தேடிப் போனவன் பாவம். பாக்கியா சமையக்கட்டுல கெடந்தே மாமியா பேருல மசாலாப் பொடி போட்டு நாலு பேருக்கு வேலை குடுத்தா, அவ பாவமில்ல. ஒங்க நியாயம் நல்லாருக்குவே. ஆம்பளை கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வந்தா மூணு வருசக் கணக்கைத் தள்ளுபடி பண்ணிருதிய.

இன்னொண்ணு சொல்லுதேன், நெஞ்சைப் பிடிச்சுக்கோ. அந்தக் கோபி தமிழ்நாட்டுக்காரனே கெடையாது. பொறந்தது வங்காளத்துல. 2019-ல 'ஸ்ரீமோயி'ன்னு அங்க ஒரு சீரியல். அந்தக் கதைதான் தமிழுக்கு பாக்கியலட்சுமியா வந்தது. இந்தியில அனுபமா, மலையாளத்துல குடும்பவிளக்கு, தெலுங்குல இண்டிண்டி கிருகலட்சுமி. மராத்தியிலயும் உண்டு. ஒரே பொம்பளை இத்தனை பாஷையில அழுதிருக்கா. அத்தனை ஊர்லயும் ஒன்னை மாதிரி ஒருத்தன் 'அவன் பாவம்'னுட்டுத் துண்டைத் தூக்கித் தோள்ல போட்டிருப்பான். கல்கத்தாக்காரனுக்குக் கங்கை இருக்கு, கொச்சிக்காரனுக்குக் காயல் இருக்கு. ஐதராபாத்துக்காரன் பாடுதான் திண்டாட்டம், மூசி ஆத்துல எறங்கினா திரும்பி வந்து இன்னொரு தடவை குளிக்கணும்.

அதுக்காக, பாக்குத சனம் சொல்லுததுக்கு மதிப்பே இல்லைன்னு சொல்ல வரல. 'மதுரை'ன்னு ஒரு சீரியல் வந்துதே, அதுல செந்திலும் ஸ்ரீஜாவும் சரவணன் மீனாட்சியா வந்தாவ. சனத்துக்கு அந்த ஜோடி மேல அப்படி ஒரு பிரியம். அந்தப் பிரியத்தைப் பாத்து 2011-ல ரெண்டு பேரையும் வச்சுத் தனிச் சீரியலே எடுத்துட்டான். கடைசியில 2014-ல அவங்க நெசமாவே கல்யாணம் பண்ணிக்கிட்டாவ. அப்புறம் ராஜா ராணி சீரியல்ல வந்த சஞ்சீவும் ஆல்யாவும் அப்படித்தான். ஊரு கூடி, சேர்ந்துக்கோ சேர்ந்துக்கோன்னா, சமயத்துல நடக்கத்தான் செய்யுது. ஆனா சனம் வாய் வச்சா நல்லதுக்குத்தான்னும் நெனைச்சிராதே. அதுக்கு நம்ம மலையடிவாரத்துலயே ஒரு பழைய கணக்கு இருக்கு.

பாவநாசத்துக்கு மேல காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போயிருக்கேல்லா? ஆடி அமாவாசைக்குக் குடிலைப் போட்டு ஆடு கோழியோட கெடக்குமே சனம், அங்கதான். பட்டவராயன் சன்னதியில செருப்பு காணிக்கை போட்டிருக்கும். ஏன் செருப்புன்னு யாருகிட்டயாவது கேட்டியா? நீ எங்க கேக்கப் போறே, செல்பி எடுக்கவே நேரம் காணாது ஒனக்கு.

அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன், பிராமணப் பையன். அண்ணன்மாரோட பெணங்கி மலையாளச் சீமைக்குப் போய்ச் சேவகம் பாத்தவன். காட்டுவழியில பொம்மக்கா, திம்மக்கான்னு ரெண்டு பொண்ணுவளைப் பாத்தான், மயங்கிட்டான். ரெண்டும் அருந்ததியர் வீட்டுப் பொண்ணுவ, வாலப்பகடை மக்க. இவன் போய்ப் பொண்ணு கேட்டான். மாமனாரு லேசுப்பட்டவரில்ல. "பூணூலை அறு, குடுமியை வெட்டு, செருப்புத் தைக்கப் படி, அப்புறம் பாப்போம்"னாரு. இவனும் அத்தனையும் செஞ்சான். தன் கையால செருப்பு தச்சுக் கொண்டாந்து மாமனாருகிட்ட குடுத்தான். நீ ஒம் மாமனாருக்கு ஒரு குடை வாங்கிக் குடுத்திருப்பியா? மறுவீட்டுக்குப் போய் மூணு தடவை சொதி வாங்கி ஊத்திக்கிட்டு, இஞ்சிப் பச்சடி கொஞ்சம் காரம்னு கொறை சொன்ன ஆளு நீ. நானும் பக்கத்து எலையிலதானே உக்காந்திருந்தேன்.

கல்யாணம் நடந்துது. மாலை வாடுததுக்குள்ள மாட்டைக் களவாண்டுட்டுப் போறான்னு தாக்கல் வந்துது. மாமனாரு மாடுல்லா? எந்திரிச்சு ஓடினான், சண்டை போட்டான், செத்தான். பொண்ணுவ ரெண்டும் அவனோட சேர்ந்து தீயில எறங்கிட்டாவ. இதுதான் கதை. கொடைக்குக் கொடை வில்லுல பாடுவாவ. பாடும்போது பொம்பளையாளுவ ஒப்பாரி வச்சு அழுவாவ. நான் சின்னதுல எங்க ஆத்தா மடியில கெடந்து பாத்திருக்கேன்.

ஆனா கேக்க வந்த கூட்டத்துல ஒரு சாராருக்கு அந்த ஜோடி செரிக்கல. அதெப்படி இவன் போய் அந்தப் பொண்ணைக் கட்டலாம்னு வயித்துல ஒரு எரிச்சல். கல்யாணத்தை நிப்பாட்ட முடியுமா? முடியாது, சாமியாயாச்சு, சன்னதி இருக்கு. அதுக்கு என்ன வழி கண்டாவ தெரியுமா? பொண்ணுவ பொறப்பையே மாத்திட்டாவ! அதுக ரெண்டும் நெசத்துல பிராமணக் கொழந்தைவளாம், காட்டுல விட்டுட்டுப் போனதை வாலப்பகடை எடுத்து வளத்தாராம். எப்படி இருக்கு ஒட்டு? நம்ம நாங்குநேரி நா. வானமாமலை ஐயா அந்தக் கதைப்பாட்டைப் பதிப்பிச்சு, இது பின்னால கொண்டாந்து தச்ச ஒட்டுத்துணின்னு புட்டுப் புட்டு வச்சாரு. பாரதி கண்ணம்மா சீரியல்ல, டாக்டருக்குப் படிச்ச பாரதி தன் பிள்ளைவ யாருதுன்னு தெரிஞ்சுக்க மாட்டாம 2019-லேருந்து 2023 வரைக்கும் முழிச்சானே, அந்தக் கதையை இழுத்தவன்கூட இந்தத் திருப்பத்துக்கு முன்னால கைகட்டி நிக்கணும்.

பட்டன் என்ன நெனைச்சான்னு கேக்கியா? இன்னைக்கும் அவனுக்கு விழுதது செருப்புதான். பூணூலை யாரும் கொண்டு போட்டு நான் பாக்கல. சாமி எந்தக் கச்சின்னு அதுலயே தெரியுதுல்லா?

ஆக, அந்த ஒட்டு பட்டனைப் பத்திச் சொன்னது ஒண்ணுமில்ல. ஒட்டுப் போட்டவன் வயித்தெரிச்சலைத்தான் சொல்லுது. நீ கோபியைப் பத்திச் சொன்னதும் அப்படித்தான்வே. இப்ப ஏன் தலையைக் குனியுதே? துண்டை நனைச்சது போதும், விடு.

நான் ஒண்ணும் யோக்கியனில்ல, கேளு. கோலங்கள் ஓடிச்சே சன் டிவியில, 2003-லேருந்து 2009 வரைக்கும், அப்ப எங்க வீட்டுல நடந்த கூத்து ஒனக்குத் தெரியாது. தேவயானிதான் அபி. புருசன் பாஸ்கரை வெட்டி விட்டுட்டுக் கட்டடம் கட்டுத கம்பெனி நடத்துதா. கூட தொல்காப்பியன்னு ஒரு சிநேகிதன், டைரக்டர் திருச்செல்வமே அந்த வேசம் கட்டினாரு. கதையைத் தன் கையில வச்சிருக்கவரே எதிர்ல நின்னும், அது நட்பா காதலாங்குத பேச்சு ஊருல ஓயல. அபி அவரைக் கட்டலாமா, கூடாதான்னு இந்தப் படித்துறையிலயே ரெண்டு கச்சி. துணி தொவைக்கதுக்கு வந்த பொம்பளையாளுவ சோப்பு கரையுத வரைக்கும் வாதாடுவாவ.

நான் கூடாதுன்னு நின்னேன். சும்மா இல்ல, நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். "ஒருத்தன் கையால தாலி வாங்கினவளுக்கு இன்னொருத்தன் பேச்சு எதுக்கு?"ன்னேன். ஒங்க அத்தை பதில் சொல்லல. மடியில முறம், முறத்துல தூளு, பக்கத்துல நனைச்ச பீடி இலை. சுத்திக்கிட்டே டீவியப் பாப்பா. கண்ணு தேவயானி மேல இருக்கும், வெரலு தன்னால நூலைக் கட்டும். அந்தப் பாஸ்கர் வந்தா மட்டும், சுத்தின பீடியை ஒரு மாதிரி அழுத்தி முறத்துல போடுவா. அந்த அழுத்தம் எனக்குத் தெரிய ரெண்டு வருசம் ஆச்சு. சரி, மூணுன்னே வச்சுக்கோ.

ஒரு நாள் அந்தப் பாஸ்கர் வழக்கம்போல என்னமோ கேட்டு நிக்கான். ஒங்க அத்தை டீவியப் பாத்துச் சொன்னா, "சனிக்கெழமை கூலியை வாங்குத கையி, கூலி எந்த வெரல்லேருந்து வருதுன்னு ஒரு நாளாவது பிடிச்சுப் பாத்துச்சா?"ன்னு. அங்க அபிக்கு ஏதுவே சனிக்கெழமைக் கூலி? அவ லச்சத்துலயும் கோடியிலயும் பொழங்குதவ. சனிக்கெழமை பீடிக்கடையில கூலி வாங்கிட்டு வந்து என் சட்டைப் பையில வைக்கது யாரு? கெணத்து மோட்டாருக்கு வச்ச அடகுக்கு வட்டி கட்டினது எந்தக் காசு? எனக்கு அப்பத்தான் பொறி தட்டிச்சு. இத்தனை நாளும் பாஸ்கர்னு ஏசினது பாஸ்கரை இல்ல.

அன்னைக்கு ராத்திரி அவ தூங்கினப்புறம் வெரலைப் பாத்தேன். நுனியில தோலே இல்ல, தேஞ்சு வழுவழுன்னு இருந்துது. ரேசன் கடையில கைரேகை எந்திரம் வந்தப்போ "ரேகை விழலம்மா, மறுபடி வைங்க, மறுபடி வைங்க"ன்னு அவளை நிக்க வச்சான் பாரு, அது அப்புறம் வந்த சங்கதி. மறுநாள் பாஸ்கர் வந்ததும் நான் முந்திக்கிட்டேன். "இவனையெல்லாம் அபி வெட்டி விட்டதே சரி"ன்னேன். ஒங்க அத்தை திரும்பி ஒரு பார்வை பாத்தா. அன்னைக்குக் கருப்பட்டிக் காப்பி கேக்காமலே வந்துது. வடையும் வந்துது.

இப்ப நீ சொல்லு. நேத்து அந்தப் புள்ள கோபியை என்ன சொல்லி ஏசினா? மறக்காம வரி வரியாச் சொல்லு. "ஒடம்புக்கு முடியாம கெடந்தா தண்ணி மோந்து குடுக்க நாதியில்ல, ஊருக்கு மட்டும் பெரிய மனுசன்." அப்படியா சொன்னா? சரி. போன ஆனித் தேருக்கு நெல்லையப்பர் தேர்வடம் பிடிச்சேன்னு பத்துப் படம் எல்லாருக்கும் அனுப்பினியே, அன்னைக்கு வீட்டுல யாருக்குக் காய்ச்சல்? முழிக்காதே, எனக்குத் தெரியும். ரச சாதம் கொண்டு குடுத்தது ஒங்க அத்தைதான்.

அவசரப்பட்டு ஓடாதே, உக்காரு. போனதும் கால்ல விழுந்து அழுது வச்சிராதே, கோபியும் அதைத்தான் பண்ணுவான். ரதவீதிக்குப் போய் அல்வா வாங்கிட்டுப் போவோம்னு யோசிக்கியா? இருட்டுக்கடை சாயங்காலம்தான் தொறப்பான். தொறந்திருந்தாலும் வேண்டாம். காய்ச்சலுக்கும் அல்வாவுக்கும் என்ன சம்பந்தம்? நேரா அடுக்களைக்குப் போ. எறக்கி வச்ச கல்லை நீயே ஏத்து. மொத தோசை பிஞ்சுதான் வரும், அதை நீ தின்னு. ரெண்டாவது அவளுக்கு. வாயைத் தொறக்காதே, முக்கியமா கோபி பேரு வரப்படாது. துண்டைப் புழிஞ்சு நீயே கொடியில போடு, கட்டில்ல எறியாதே.

சீரியல்காரனுக்கு ஒரு சௌரியம் உண்டு. பாரதி கண்ணம்மாவுல ரோஷினி போனா வினுஷா வந்து கண்ணம்மாவா நிப்பா, 'இவருக்குப் பதில் இவர்'னு ஒரு வரி போட்டாச் சோலி முடிஞ்சுது. சனமும் ரெண்டு நாளு மொணங்கிட்டு மூணாம் நாளு பழகிரும். நம்ம வீட்டுல அந்த வரியை எழுதுத அதிகாரம் நம்ம கையில இருக்குன்னு நெனைச்சுக்கிட்டிருக்கியா? அந்தப் புள்ள ஒருவேளை மனசுக்குள்ள எழுதியே வச்சிருப்பா, போடுததுக்கு ஆளு கெடைக்கல, அம்புட்டுதான். சிரிக்காதே. ஒங்க அத்தை என் வெசயத்துல நாப்பது வருசமா தேடிக்கிட்டிருக்கா.

என்ன கேட்டே? நான் எந்தக் கச்சியா? கோபியா, பாக்கியாவா?

ரெண்டும் இல்லடே. நான் ராமமூர்த்தி கச்சி. அதான், கோபியோட அப்பன். பெத்த மவனை விட்டுட்டு மருமவ பக்கம் நின்னாரே, அவரு. அந்த வீட்டுல வேளாவேளைக்குச் சூடாச் சோறு கெடச்சது அந்த மனுசனுக்குத்தான், நீ பழைய பாகத்தைப் போட்டு நல்லாப் பாரு.